முப்பத்தைந்து மில்லிமீட்டர்

கீழவாசலில் என் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை.
நாலடித் தொட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்,
அதைப் பார்த்து வருவார்கள்.

பல் டாக்டர் கோவர்த்தன்ராம் போனில் கூப்பிட்டார்.
தெற்குவாசலில் மாடியில் கிளினிக்,
நோயாளிகள் உட்காரும் இடத்தில் புதுத் தொட்டி.
"அடியில ஒரு ஓட்டை போடணும் அக்கா,
பைப்பு வெளிய தெரியக் கூடாது."
பைப்பை அளந்தேன். முப்பத்தைந்து.

தட்டிப் பார்த்தால் தெரியாது.
செல்போன் திரையை வெள்ளையாக்கி ஒரு பக்கம் பிடித்து
கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு மறுபக்கம் குனிந்தேன்.
அடிப்பலகையில் மயில்கழுத்து நிறத்தில் வரிகள்.
சுட்டுச் சட்டென்று குளிரவைத்த கண்ணாடி,
உள்ளே கோபத்தைக் கட்டி வைத்திருப்பது.
முனை பட்டால் ஓட்டை விழாது,
சர்க்கரை மூட்டை அவிழ்ந்ததுபோல் மொத்தமும் கொட்டும்.
போன வருஷம் வில்லாபுரத்தில் கொட்டியது.
தொட்டிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை,
அவர் மனைவி விளக்குமாறு எடுத்து வந்தார்.

"அடியில ஆகாது சார். முதுகுல போடுறேன்."

முதுகு சாதாக் கண்ணாடி, பத்து எம்எம்.
குப்புறச் சாய்த்துப் படுக்க வைத்தோம்.
தண்ணீர் நிற்க ஒரு வரப்பு வேண்டும்,
கொண்டுவந்த களிமண் காய்ந்து கிடந்தது.
கீழே புரோட்டாக் கடையில் சிக்கந்தர் மாஸ்டர்
ஒரு உருண்டை மாவு கொடுத்தார்,
"திருப்பித் தருவியா?" என்று கேட்டுக்கொண்டே.
எண்ணெய் மினுங்கும் மாவைத் திரித்து வட்டமாய் ஒட்டினேன்.
நடுவே அரை டம்ளர் தண்ணீர்,
சித்திரை தவிர்த்த மாதங்களில் வைகைக்கு உள்ளது.

வைரத்தூள் பூசிய வளையத்தை
முதலில் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.
நகம் பதிந்தாற்போல் ஒரு பிறை விழும்.
பிறகு மெல்ல நிமிர்த்தினால் வட்டம்.
அழுத்தக் கூடாது, மெஷினின் கனமே போதும்.
தண்ணீர் அரிசி கழுவிய நீராய் வெளுத்தது.

டாக்டரைக் காணோம்.
வராந்தாவில் இரு காதையும் பொத்தியபடி நிற்கிறார்.
"தெனம் முப்பது வாய்ல இதே சத்தத்தைப் போடுறவரு"
என்றார் ரெஜினா சிஸ்டர், மாஸ்க்குக்குள் சிரித்து.

கடைசி அரை மில்லிமீட்டரில்தான்
எல்லாரும் அவசரப்படுவார்கள்.
நான் அவசரப்படவில்லை.
கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்தது, அவ்வளவுதான்.
வில்லை விழுந்தது. கூடவே உள்பக்கம் ஒரு சில்லு,
துவரம்பருப்பு அகலம்.

நனைத்த உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்தேன்.
பள்ளத்தை நிரப்பப் பசை இருக்கிறது,
அது காய வெயில் வேண்டும். மணி ஆறரை.
டாக்டர் வந்து வாய்க்கண்ணாடியை நீட்டிப் பார்த்தார்;
ஆ காட்டச் சொல்லவில்லை, அதுதான் பாக்கி.
"ரெஜினா, ஏ-டூ ஷேடு."
பல்லுக்கு அடைக்கும் மாவை வழித்து வைத்து
நீல விளக்கை இருபது நொடி பிடித்தார்.
இப்போது அவர் கை நடுங்கவில்லை.
ஓட்டையின் ஓரத்தில் ஒரு பால்பல் நிறப் புள்ளி.
பாதியை வாஷர் மூடும், பாதி தெரியும்.

கூலியில் சில்லுக்காக நூறு ரூபாய் கழித்தேன்.
நோட்டை எண்ணிக்கொண்டே என் வாயைப் பார்த்தார்.
"முன்பல்லு ஒடஞ்சிருக்கே. உக்காருங்க அக்கா, அஞ்சு நிமிஷம்."
எப்படி உடைந்தது என்று கேட்கவில்லை.
அதற்காகவே ஒரு கணம் நாற்காலியைப் பார்த்தேன்.
வேண்டாம் சார்.
பதினோரு வருஷமாய் நாக்கு அங்கேதான் போய் வருகிறது.

மூன்றாம் நாள் ரெஜினா பேசினார்.
அடியில் விரித்த தினசரி நனையவே இல்லையாம்.
ஒரு மீன் மட்டும் அந்தப் புள்ளியைக்
கொத்திக்கொண்டே இருக்கிறதாம்.
விட்டுவிடும் என்றேன். தெரியாது எனக்கு.

மாவை மாஸ்டரிடம் திருப்பவில்லை.
கண்ணாடித் தூள் ஏறிய மாவு,
தெருவில் போட்டால் மாடு தின்னும்.
இரண்டு பைகளில் முடிந்து
கீழவாசல்வரை நடந்தே கொண்டுவந்தேன்.
கடை அலமாரியில் கல்லாகக் கிடக்கிறது வளையம்,
நடுவில் நான் அழுத்தி வைத்த வில்லையோடு.