இரட்டைப் ப

"நீங்க போட்டுக் குடுத்தது உப்பைத் தின்னுது"
என்றாள் முனீஸ்வரி, வாலிநோக்கம் எடைமேடையிலிருந்து.
பின்னால் ஒரு லாரி உறுமிக்கொண்டிருந்தது.

கீழக்கரையில் என் மேசையில் அதே எடிட்டர், அதே செருகுநிரல்.
உ. ப. ப. உ.
ஒவ்வொரு விசையாகத் தேடி அமுக்கினேன்.
உப்பு.
பதினோரு முறை உப்பு.
"இங்கே நல்லாத்தான் இருக்கு" என்றேன்,
நிரல் எழுதுகிற எல்லாரும் சொல்கிற அந்தப் பதிலை.
அவள் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

மூன்று நாள் கழித்து எட்டே முக்கால் பஸ்.
ஏர்வாடியில் பாதிக் கூட்டம் இறங்கிவிட்டது.
மிச்சப் பேருக்கு ஜன்னல் வழியே கச்சான்,
பல்லில் மணல்.
எடைமேடை அறையில் விசைப்பலகைமேல் வெள்ளைப் பூச்சு.
முதலில் அதைத்தான் சந்தேகப்பட்டேன்.
கவிழ்த்துத் தட்டினேன். உப்பு விழுந்தது,
அசல் உப்பு.
பிழை விழவில்லை.

"நீங்க தள்ளுங்க" என்று உட்கார்ந்தாள்.
வளைக்கு ஓடுகிற நண்டுகள் பத்து விரலும்.
உப்புமூட்டை என்று அடித்தாள்.
அந்த வரி போனது.
அதற்கு மேல் வரியும் போனது, அது முந்தைய லாரி,
ஒன்பது டன் சொச்சம்.
போன இடத்தில் ஒரு டை.
கட்டிக்கொள்ள ஆளில்லாத டை.

அருளப்பன் என்று அடித்தாள்.
அருள் வந்தது. அப்பன் வரவில்லை.
புள்ளி மட்டும் வழிதவறி ரு-வின் தலையில்.
ஜன்னலில் நின்ற ஓட்டுநர் அருளப்பன்
"நான் சாப்பிட்டு வரவா?" என்றார்.

எடிட்டரிடம் கேட்க ஒரு கட்டளை உண்டு:
இந்த விசைக்கு இந்த வேலையைக் கடைசியாகக் கொடுத்தது யார்,
எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி.
அடைப்புக்குறிகளைத் தானே மூடும் இன்னொரு செருகுநிரல்மேல்
பழியைத் தயாராக வைத்திருந்தேன்.
பதில் வந்தது:
என் கோப்பு. நாற்பத்தொன்றாம் வரி.

ப இருக்கிற விசை ஆங்கிலத்தில் ஜே.
ஜே-யை இரட்டித்தால் எழுதுவதிலிருந்து வெளியே வா,
மூலையிலுள்ள எஸ்கேப்புக்கு விரல் நீட்ட வேண்டாம்
என்று நாலு வருஷம் முன் ஒரு நோன்பு இரவில்,
சஹருக்குக் கொஞ்சம் முன்னால் எழுதியது.
ஆங்கிலத்தில் இரட்டை ஜே எங்கே வரப்போகிறது
ஹஜ்ஜைத் தவிர,
என் நிரலில் யார் ஹஜ்ஜுக்குப் போகிறார்கள்.
அந்தக் கோப்பைத்தான் அப்படியே நகலெடுத்து
அவளுக்கும் போட்டுக் கொடுத்தேன்.

தமிழில் எங்கே வராது?
உப்பில் வரும். சிப்பியில், கப்பலில், துடுப்பில் வரும்.
தப்பில் வரும்.
ப-வை அவள் இரட்டித்தபோதெல்லாம்
வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறது.
வெளியே நிற்பது தெரியாமல் அவள் எழுதிக்கொண்டே போயிருக்கிறாள்.
வெளியே உ எழுத்து அல்ல, அழி.
ம என்றால் மேலே.
சேர்த்தால், இதையும் மேலே உள்ளதையும் அழி.
சொன்னதைச் செய்தது, அவ்வளவுதான்.

முதல் ஜே-க்குப் பிறகு எடிட்டர் ஒரு நொடி பொறுக்கும்,
இரண்டாவது வருமா என்று.
நான் இரண்டாவது ப-வைக் கண்டுபிடிப்பதற்குள்
நொடி தீர்ந்துவிடும்.
அதனால்தான் எனக்கு மட்டும் உப்பு உப்பாக இருந்தது.

வரியை எடுத்தேன்.
உப்புமூட்டை. உப்புமூட்டை. அருளப்பன்.
லாரி கிளம்பியது.
"பதினேழு லோடு காணாமப் போச்சே, அது?"
"நோட்டுல எழுதியிருப்பீங்களே."
"எழுதியிருக்கேன். யாரு திரும்ப அடிக்கிறது?"
நான் அடித்தேன், ஒவ்வொரு விசையாகத் தேடி,
மதியம் மூன்று வரை.

வீட்டுக்கு வந்து என் கோப்பிலும் எடுத்தாயிற்று.
விரல்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.
வரி முடிந்ததும் வெளியேறப் பார்க்கின்றன,
கதவிருந்த சுவரில் இரண்டு தட்டு.
தமிழில் நான் எழுதிவைக்கும் குறிப்புகள் எல்லாம்
கொஞ்ச நாளாக இப்படித்தான் முடிகிறதுப்ப