நாற்பத்தொன்றாம் பக்கம்

நெல் கொள்முதல் நிலையத்துக்கு எதிரே என் கடை.
குளிர்பெட்டி, கம்பெனிக்காரன் சும்மா தந்தது.
மேல் இரண்டு தட்டிலும்
அவன் சரக்குதான் நிற்கவேண்டும்,
அதுதான் வாடகை.
மஞ்சள் குப்பி. மேலே ஒரு குதிரைத் தலை.
இருபது ரூபாய்.

தை பிறந்து பதினோரு நாளாய்
டோக்கன் வாங்கிய நெல் களத்தில் கிடந்தது.
பதினேழுக்கு இறங்கினால்தான் எடை.
ஈரம் பார்க்கும் கருவி
பத்தொன்பது, பத்தொன்பது என்றே சொல்லிக்கொண்டிருந்தது.
பகலெல்லாம் காலால் கிண்டிக் காயவைத்ததை
ராத்திரி பனி வந்து
நனைத்துவிட்டுப் போகும்.

இளம்பரிதிக்கும் பத்தொன்பதுதான்.
பக்கிரிசாமி மகன். மன்னார்குடியில் இரண்டாம் வருஷம்,
அரியர் நான்கு.
குவியலுக்குக் காவல் இருந்த மாதிரியும் ஆச்சு,
படித்த மாதிரியும் ஆச்சு என்று
தார்ப்பாய்க்குள் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான்.
தூங்கினால் பன்றி வரும்.
தூங்கினால் நாலு மூட்டை காணாமல் போகும்.
தூங்கினால் பரீட்சை.

முதல் நாள் ஒரு குப்பி. காசு கொடுத்தான்.
மூன்றாம் நாளிலிருந்து கடன்.
நோட்டில் நாற்பத்தொன்றாம் பக்கம் அவனுக்கு:
பரிதி, மஞ்சள், மஞ்சள், மஞ்சள்.
சோறு வாங்கினதாக ஒரு வரி இல்லை.
அதை நான் அன்றைக்குப் பார்க்கவில்லை.
கூட்டல் மட்டும் பார்த்தேன்.

ஒருநாள் ராத்திரி ஒன்றரை மணி.
கதவு தட்டி மறுபடி வந்தான்.
நீட்டிய கை தானாக ஆடியது.
"அக்கா, நெஞ்சுக்குள்ள
நெல்லு தூத்துற மிஷின் ஓடுதுக்கா"
என்று சிரித்தான்.
நானும் சிரித்தேன்.
சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன்.
மஞ்சள், இன்னும் ஒன்று.

விடியுமுன் நூற்றெட்டு வண்டி வந்தது.
முள்ளியாற்றுப் பாலம் ஏறும்வரை
அதன் சத்தம் கேட்டது.

ஏழு மணிக்குத் திருவாரூர் ஆஸ்பத்திரியிலிருந்து பக்கிரிசாமி பேசினார்.
"டாக்டரம்மா கேக்குறாங்க, எத்தனை குடிச்சான்னு.
அவன் ரெண்டுங்கிறான்."
நோட்டை எடுத்தேன்.
வியாழன் நாலு. வெள்ளி அஞ்சு.
நேத்து ஆறு.
ஒரு உயிரைப் பற்றி
எழுத்தில் இருந்த ஒரே சாட்சியை
நான் போனில் வாசித்தேன்,
கடன்காரியின் குரலில்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு, "நெல்லுக் காசு வந்ததும்
தந்துடுறேம்மா" என்றார்.

போனை வைத்துவிட்டுக் குப்பியைத் திருப்பினேன்.
எறும்பு வரிசை மாதிரி இங்கிலீஷ்.
எட்டாவது படிக்கும் என் மகள்தான் எழுத்துக்கூட்டினாள்:
குழந்தைகள் குடிக்கக் கூடாது. கர்ப்பிணிகள் கூடாது.
நாளுக்கு இரண்டுக்கு மேல் கூடாது.
"அம்மா, நம்ம செழியன் தினம்
டியூஷன் போறப்ப வாங்குறானே?"
செழியன் ஆறாவது.

பரிதி மூன்றாம் நாள் வந்துவிட்டான்.
மார்பில் ஒட்டிய வட்டங்களின் பசை
இன்னும் போகவில்லை என்று
சட்டையை விலக்கிக் காட்டினான்.
முதலில் வைத்தபோது
நூற்று எண்பது அடித்ததாம்.
"எனக்கும் ஈரம் பார்த்தாங்கக்கா.
தள்ளுபடி பண்ணலை."

நெல் அதற்குள் எடை ஆகிவிட்டிருந்தது.

மஞ்சளைக் கீழ்த்தட்டுக்கு இறக்கி
மேலே மோர்ப் பாக்கெட் அடுக்கினேன்.
கம்பெனிப் பையன் வந்தான். அவனுக்கும் இருபதுக்குள்தான் இருக்கும்.
பேசாமல் பழையபடி மாற்றி அடுக்கினான்.
"பெட்டியைத் தூக்கச் சொல்லிடுவாங்கக்கா."
பெட்டி போனால் பால் இல்லை, தயிர் இல்லை,
மகளின் பள்ளிக்கூட வேன் இல்லை.

காவல் பையன்களுக்குக் கிடையாது என்கிறேன்.
பைக்கை முறுக்கிக்கொண்டு
பாலத்தடிக் கடைக்குப் போகிறார்கள்.
வேறு யார் கேட்டாலும்
கொடுக்கத்தான் செய்கிறேன்.
கடனுக்கு மட்டும் இல்லை.

நாற்பத்தொன்றாம் பக்கத்தைக் கிழிக்கவில்லை.
அடிக்கவும் இல்லை.

ராத்திரி கடையோடு ஒட்டிய அறையில் படுத்திருக்கிறேன்.
சுவருக்கு அந்தப் பக்கம்
குளிர்பெட்டி உறுமும்,
திடீரென்று நிற்கும்.
மறுபடி ஓடத் தொடங்கும்வரை
மூச்சை விடாமல்
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.