புள்ளிக்குப் பின்னால்

முதல் தடவை குவார்ட்டர் பாட்டிலில் கொண்டுவந்தார்.
பிராந்தி வாசம் போகவில்லை, செல்லாது என்றேன்.
இரண்டு பஸ் மாறி ஊருக்குப் போய்
இரண்டு பஸ் மாறி மறுபடி வந்தார்
எத்திராஜுலு, வயது நாற்பத்தொன்று.
லிட்டர் பாட்டில், வாய்வரை போர்த்தண்ணீர்.
உட்காரச் சொன்னால்
சுவரில் ஏணியைச் சாத்துவதுபோல்
நாற்காலியில் தன்னைச் சாத்திக்கொண்டார்.

சத்துவாச்சாரி, மே மாதம், பதினொன்றரை மணி.
ஜன்னல் கம்பியைத் தொட முடியாது.

அவர் தண்ணீரில் சிவப்புச் சாயம் விட்டேன்.
ஃப்ளோரைடு இருந்தால் சிவப்பு வெளுக்கும்.
வெளுத்தது.
இரண்டு புள்ளி எட்டு.

"மூணுகூட இல்ல. அப்ப பாஸுதான சார்?"

ஒன்றரைக்கு மேல் ஆகாது என்றேன்.
கொஞ்சம் இருந்தால் பல்லுக்கு நல்லது,
கூடினால் கறை,
இன்னும் கூடினால் எலும்பு யார் பேச்சையும் கேட்காது.
உப்பா கரிப்பா, நாக்குக் கண்டுபிடிக்க?
"நல்ல ருசி சார் எங்க தண்ணி" என்றார்.

பெரிய பெண் தமயந்தி, எட்டாவது.
ஆதார் போட்டோவுக்குச் சிரிக்கக்கூடாது என்றார்களாம்.
"அவ எப்பவும் வாயத் தொறக்க மாட்டா,
நல்லதாப் போச்சு."

காய்ச்சித்தான் குடிக்கிறார்களாம்.
காய்ச்சினால் தண்ணீர்தான் போகும், அது போகாது
என்று சொல்கையில்
விறகுக்கான கணக்கு அவர் முகத்தில் ஓடியது.

ஒன்றாம் வகுப்பில் படித்தது:
க-வின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போய்விடும், மெய் மட்டும் நிற்கும்.
இலக்கணம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"அப்ப இன்னா தண்ணியத்தான் குடிக்கறது?"

படிவத்தில் பதினேழு கட்டங்கள்.
அதற்கொன்று இல்லை.
'குடிக்க உகந்ததல்ல' முத்திரையைக் குத்தினேன்.
மை காய்ந்திருந்தது. எச்சில் தொட்டு மறுபடி குத்தினேன்.

போகும்போது குடிக்கத் தண்ணீர் கேட்டார்.
கேன் காலி.
செவ்வாய் வரவேண்டியவன் வரவில்லை.
கடையில் வாங்கித் தருகிறேன் என்று நான் எழுவதற்குள்
"எதுக்கு சார்"
என்று மேஜையிலிருந்த மீதியை எடுத்தார்.
அண்ணாந்து ஊற்றிக்கொள்ளக் கழுத்து வளையவில்லை.
வாய்வைத்தே குடித்தார், கண்ணை மூடிக்கொண்டு.
மூடியை இறுக்கி
அறிக்கையை நாலாய் மடித்து
"பஸ்ஸுல ஆவும்"
என்று பாட்டிலையும் எடுத்துக்கொண்டார்.