தாலி பூசாட்

பாலிக் புலாவ் மலைச்சாலையில்
எத்தனை வளைவென்று எனக்கு மனப்பாடம்.
தினமும் இருபத்திரண்டு பள்ளிப் பிள்ளைகளோடு
வேனில் சுற்றுகிறவன்.
அன்று ராத்திரி ஒரு வளைவும் நினைவில்லை.
முன்னால் ஆம்புலன்ஸ்.
அதற்குள் தங்கச்சி நளாயினி.
அவளுக்குள்
இன்னும் பேர் வைக்காத ஒருத்தி.

கிளம்புவதற்கு முன்
அவள் வயிற்றைச் சுற்றி இரண்டு பெல்ட் கட்டியிருந்தார்கள்.
காகிதத்தில் கோடு ஓடிக்கொண்டிருந்தது.
வலி ஏறும்போதெல்லாம் அது
கயிறு நழுவிய வாளியாய் இறங்கும்,
நேரமெடுத்து மேலே வரும்.
நூற்று நாற்பது. நூறு.
எழுபத்தெட்டு.
மிஸி ரோஸ்மாவதி கோட்டைப் பார்த்தாள்,
என்னைப் பார்க்கவில்லை.
போனில் யாரிடமோ, "முங்கின் தாலி பூசாட்" என்றாள்.
"லெஹெர்" என்றாள். "டுவா" என்றாள்.

எனக்கு மலாய் தெரியும்.
தாலி என்றால் கயிறு.
தாலி காசுட் என்றால் சப்பாத்துக் கயிறு,
வேன் படியில் நின்று தினமும் கத்துகிறேனே,
"தாலி காசுட் கட்டுடா, விழுந்துடுவே" என்று.
இருந்தும் அந்த நேரத்தில்
காது தமிழ்க் காதாகிவிட்டது.
பிறக்கும் முன்னே கழுத்தில் தாலியா?
இரண்டு சுற்றா?
எவன் கட்டினான்?

மாப்பிள்ளை சேது
கெமாமானுக்கு அப்பால் கடலில், எண்ணெய் மேடையில்.
சிக்னல் இல்லை.
அவன் அக்கா இந்திராணிக்குத்தான் போன் கிடைத்தது,
சுங்கை பட்டாணியிலிருந்து.
"கொடி சுத்திப் பிறந்தா மாமனுக்கு ஆகாது.
நேராப் பார்த்துத் தொலைக்காதே.
நல்லெண்ணெயில முகம் பார்க்கணும், அதுதான் முதல்ல."

விடிகாலை நாலு மணிக்கு
ஜோர்ஜ்டவுன் பெரிய ஆஸ்பத்திரியில்
நல்லெண்ணெய்க்கு எங்கே போவேன்?
எதிரே நாசி கண்டார் கடை திறந்திருந்தது.
அவனிடம் இருந்தது பாமாயில்.
சாங்கியத்துக்குப் பாமாயில் செல்லுமா என்று
கேட்க வாயெடுத்து
கோப்பி ஓ மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

திரும்பியதும் கதவு திறந்தது.
கண்ணாடிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு
மூன்று பேர் ஓடினார்கள்.
பார்த்துவிட்டேன்.
எண்ணெய் இல்லாமல், நேராக.
மங்குஸ்தான் தோல் நிறத்தில் ஒரு நெற்றி.
கழுத்தைச் சுற்றிக்
கயிறு கிடந்த தடம்.
கோப்பி என் சட்டையில் கொட்டியதை
வீட்டுக்குப் போய்த்தான் கவனித்தேன்.

டாக்டர் யோங் பிறகு வந்து சொன்னார்:
ஆயுதம் வைத்துத் தலையை எடுத்தோம்.
கொடிக்கும் கழுத்துக்கும் நடுவே
என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை.
அங்கேயே இரண்டு கிளிப், நடுவில் கத்தரி,
அப்புறம்தான் தோள்.
"அழுதாளா?"
"உடனே இல்லை."
அந்த "உடனே இல்லை"யில்
அவர் எவ்வளவு நேரத்தை வைத்திருந்தார் என்று
நான் கேட்கவில்லை.
"இப்ப அழுறா. கோபமா அழுறா."

பதினோராம் நாள் இந்திராணி வந்தாள்,
எவர்சில்வர் கிண்ணமும் நல்லெண்ணெய்ப் போத்தலுமாக.
கிண்ணத்தில் காற்றாடி சுற்றியது.
என் மூக்கு. கொஞ்சம் கூரை.
பிறகு தோளுக்குப் பின்னாலிருந்து
மெல்ல மிதந்து வந்தாள் மருமகள்,
கொட்டாவி விட்டுக்கொண்டு.
முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.
எல்லோருக்கும் நிம்மதி.
நளாயினி மட்டும் என்னைப் பார்த்து
உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

போன வாரம் சம்மன் வந்தது.
பாயா தெருபோங் சந்திப்பில் சிவப்பு விளக்கு மீறல்,
முன்னூறு ரிங்கிட்,
பிள்ளைகள் இல்லாத என் வேனின் படத்தோடு.
மாமனுக்கு ஆகாதது
இதுவரைக்கும் இவ்வளவுதான்.

மருமகளின் கழுத்து மடிப்பில் இப்போது
பவுடரும் பாலும்தான் இருக்கின்றன.
நான்தான் அந்த வார்த்தையை
வேன் படியில் கத்துவதை விட்டுவிட்டேன்.
இறங்கிப்போய்க் குனிந்து
நானே கட்டிவிடுகிறேன்.
நேற்று ஒருத்தன் காலை உதறிக்கொண்டு சொன்னான்,
"அங்கிள், லூசா இருக்கு."