நாலாம் சானல்

பின்வாங்கில், சுழலாத விசிறிக்குக் கீழே
மிக்சர் பெட்டியோடு இருக்கிறவன் நான்.
ஆலயத்தில் யாருடைய குரல் எவ்வளவு என்பது
என் பெருவிரலில் இருக்கிறது.

நாலாம் சானல் பாக்கியநாதர்.
ஐஸ் கொம்பனியில் முப்பது வருடம்.
இயந்திரம் வலக்காதை எடுத்துக்கொண்டு
சம்பளத்தைக் கொடுத்தது.
அரைத் தாளம் பிந்தித்தான் வருவார்.
ஆமென் சொல்லி எல்லோரும் இருந்த பிறகும்
அவருடைய கடைசி அடி
தனியே நடந்து வந்து சேரும்.

குழுவிலிருந்து அவரை விலக்க
யாருக்கும் மனம் வரவில்லை.
ஆகவே நான் விலக்கினேன்.
ஒலிவாங்கி முன்னால் நிற்கும், பச்சை விளக்கும் எரியும்,
சத்தம் மட்டும் பூச்சியம்.
கீபோர்ட் வாசிக்கும் ஷெரோமி
கண்ணால் நன்றி சொல்வாள்.

ஊனமான ஆட்டைப் பீடத்துக்குக் கொண்டுவராதே என்ற சட்டம்
எனக்கு வசதியாக ஞாபகம் வந்தது.
பாட்டுகளை இரைச்சல் என்று அவர் தள்ளிய நாளில்
சுருதி பிசகியதாக எங்கும் எழுதவில்லை என்பது
வரவில்லை.

ஆவணி. கச்சான்.
திருக்கடலூர் வள்ளம் ஒன்று
எஞ்சின் நின்று, காற்று வெளியே தள்ளி,
மூன்று நாளாகச் செய்தியில்லை.
வள்ளத்துக்காரனின் பெண்சாதி
எங்கள் சபையுமில்லை, எங்கள் வேதமுமில்லை.
அயல்வீட்டு எஸ்தர்மணி
கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.
மூன்றாம் வாங்கின் ஓரத்தில்
பாட்டுப்புத்தகத்தைத் திறவாமல் இருந்தாள்.

இரண்டாம் சரணத்தில் கரண்ட் போயிற்று.
ஷெரோமியின் விரல்களுக்குக் கீழே வெறும் பிளாஸ்டிக்.
குழு தடுமாறி நின்றது.
நிற்காதவர் ஒருவர்தான்.
நின்றது அவருக்குக் கேட்கவில்லை.

ஒரு சொல். பிந்தி, இன்னொன்று.
அந்த வேகத்துக்குத்தான்
அவளால் வரமுடிந்தது.
தெரியாத பாட்டின் சொல்லை
அவர் வைத்த இடத்திலிருந்து எடுத்தாள்,
பிறகு அடுத்ததை.
'இரக்கம்' என்ற இடத்தில் குரல் உடைந்து அவள் நிறுத்த
எஸ்தர்மணி அதைத் தூக்கிக்கொண்டாள்,
பின்னால் ஒரு வாங்கு முழுவதும்.

தொழுமரத்தில் கால் மாட்டிய இருவர்
நடுநிசியில் பாடினார்கள், சரி.
மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்ததை
ஏன் மறக்காமல் எழுதிவைத்தார்கள்?
இத்தனை வருடம் நான் அதைக் கேட்டதேயில்லை.

கரண்ட் வந்தது. ஸ்பீக்கர் ஒருமுறை கனைத்தது.
என் பெருவிரல் நாலாம் சானலில்,
இதை ஏற்றுவதா, மற்றதெல்லாம் இறக்குவதா
என்று தெரியாமல்.

வெளியே வேம்பு நிழலில் புள்ளிமான் ஒன்று
பாட்டு இலக்கங்கள் அச்சடித்த தாளை
மென்றுகொண்டிருந்தது.
வள்ளத்தைப் பற்றி
அன்றும் செய்தியில்லை.