இதர

பால், கேஸ், வாடகை, வண்டித் தவணை, பையனின் வேன்.
நோட்டில் எல்லாச் செலவுக்கும் பெயர் உண்டு.
கடைசி வரியில் மட்டும்
இதர.
ஜூன் மாத இதர: மூவாயிரத்து நானூறு.

"இதரன்னா யாரு?" என்று கேட்டார் மாதேஸ்வரன்,
ஏதோ என் பழைய சிநேகிதன் பேரைப் போல.

நாங்கள் இருப்பது சூரமங்கலத்தில், மாடி வீடு.
ஜங்ஷனுக்கு வருகிற ஒவ்வொரு ரயிலும்
எங்கள் சண்டையிலிருந்து ஒரு வாக்கியத்தைத்
தூக்கிக்கொண்டு போகும்.
அன்றிரவு, ஏற்காட்டுக்கே போகாத
ஏற்காடு எக்ஸ்பிரஸ் கடந்த இரண்டு நிமிடம்
அவர் சொன்னது எனக்கும்
நான் சொன்னது அவருக்கும் கேட்கவில்லை.
அன்றைக்கு நல்ல நேரம் அது ஒன்றுதான்.

ரயில் போனதும்
தட்டுவடை செட்டை இழுத்தேன்.
வாரம் நூற்றிருபது ரூபாய், எந்தப் பக்கத்திலும் இல்லையே?
"தட்டுவடைக்கெல்லாமா கணக்கு?"
சேலத்துக்காரருக்கு அது செலவில்லை,
மூச்சு.

பிறகு குரல்கள் இறங்கின.
பையன் புரண்டு படுத்தான்.
ஐந்து ரோடு மருந்துக்கடையில்
நாள் முழுக்க நின்றே சம்பாதிக்கிற பணத்தில்
மாதம் இரண்டாயிரம், தபால் ஆபீஸில்,
என் பேரில் மட்டும்.
"எதுக்கு?"
ஒருநாள் கோபித்துக்கொண்டு கிளம்பினால்
பஸ்ஸுக்கு.
எங்கம்மா அப்படி ஒருநாள் கிளம்பி
டிக்கெட்டுக்குக் காசில்லாமல்
வாசலோடு திரும்பி வந்தாள்.
திரும்பி வந்ததை எல்லோரும் பொறுமை என்றார்கள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
டியூப் லைட்டைச் சுற்றும் பூச்சிகளையே பார்த்திருந்தார்.
"ஓவர்டைம் குறைஞ்சுபோச்சுன்னு சொன்னேனில்ல,
குறையலை."
ஜவ்வரிசி மில்லில் கூட வேலை பார்த்த சென்றாயன்
வாங்கிய கடனுக்கு இவர் ஜாமீன்.
சென்றாயன் திருப்பூர் போனான், போன் நம்பரும் போனது.
ஒன்பது மாதமாய் இவர் கட்டுகிறார்.

நான் ஓடிப்போவதற்குச் சேர்த்தேன்.
அவர் ஓடிப்போனவனுக்குக் கட்டினார்.

முதலில் சிரித்தது யார் என்பதில்
இன்றுவரை தகராறு.

சிரித்ததால் ஒன்றும் தீரவில்லை.
மறுநாள் முழுக்கப் பேச்சில்லை,
சாப்பாட்டு டப்பா மட்டும் கை மாறியது.
ஞாயிற்றுக்கிழமை, வீடு வேண்டாமென்று
தட்டுவடைக் கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.
எண்ணெய் ஊறிய செய்தித்தாள் ஓரத்தில் எழுதினேன்:
சென்றாயன் கடன் ஜனவரியோடு முடியும்,
அதுவரை என் வளையல் அடகுக்குப் போகாது.
இரண்டாயிரத்துக்கு மேல் எதுவானாலும்
கொடுப்பதற்கு முன்னால் ஒரு போன்,
கொடுத்த பிறகு இல்லை.
இனி ஜாமீன் கையெழுத்து
இரண்டு பேருக்கும் கிடையாது, கூடப்பிறந்தவருக்கும்.

இதரவுக்குத்தான் வெகுநேரம் ஆனது.
சம்பளத்துக்குத் தகுந்த மாதிரி பிரிக்கலாம் என்றார்.
அவருக்கு இருபத்துமூன்று, எனக்குப் பதினான்கு.
கோபத்துக்குச் சம்பளம் தெரியுமா என்றேன்.
ஆளுக்கு எண்ணூறு.
கேள்வி கிடையாது, ரசீது கிடையாது.

கடைக்காரர் எழுதிய தாளைச் சுருட்டிக்
குப்பையில் போட்டுவிட்டார்.
பரவாயில்லை, இரண்டு பேருக்கும் மனப்பாடம்.

தபால் ஆபீஸ் கணக்கை நான் மூடவில்லை.
மூடச் சொல்லி அவரும் கேட்கவில்லை. ஆனால்
சட்டையை மடிக்கும்போது, தலையைத் துவட்டும்போது,
திடீரென்று கேட்பார்:
"எந்த ஊரு பஸ்ஸுங்க அது?"
இன்னும் முடிவு செய்யலை என்பேன்.
பாதி நாள் அது விளையாட்டு.

நேற்று நோட்டைத் திறந்தேன்.
பால், கேஸ், வாடகை.
அவர் கையெழுத்தில், இதர: எண்ணூறு.
பக்கத்தில் பென்சிலில் ஏதோ ஒரு வார்த்தை எழுதி
அழித்த தடம்.
வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்
படித்துவிடலாம்.

மூடி வைத்துவிட்டேன்.