மாற்றுப்பெயர்

பூன் லே கோப்பிக்கடை, ஞாயிறு, மாலை நாலே கால்.
மேசைமேல் இரண்டு தே ஓ,
ஒலிப்பதிவுக் கருவி,
நெறிமுறைக் குழு முத்திரை குத்திய ஒப்புதல் படிவம்.

"எப்போது வேண்டுமானாலும்
காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்,
அதனால் உங்களுக்கு எந்தப் பாதிப்பும் வராது."
வாசித்துக் காட்டினேன்.
அவர் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.
"வேலைக்குச் சேரும்போது
இந்த மாதிரித் தாள் ஏன் தரலை?"

பதினான்காம் கேள்வி:
சட்டம் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துகிறது.
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்.

"சட்டத்தை நான் பார்த்ததில்லை.
ஹேவ்லாக் பக்கம் ஒரு ரூம் பார்த்தேன்.
ஒரே குளிர்.
எதிரே கம்பெனி ஆள், தடித்தடியா ஃபைல்.
என்கிட்ட ஓவர்டைம் எழுதின நோட்டு,
அதுலயும் ஜூலை மாசம் மழையில ஊறிப்போச்சு.
நடுவுல உக்காந்த அம்மா தன்மையாப் பேசினாங்க,
தண்ணி குடுத்தாங்க.
கேட்டது ஏழாயிரத்து இருநூறு.
முடிச்சது ரெண்டாயிரம்.
தண்ணிக்கு அஞ்சு போட்டுக்குங்க.
மிச்சத்துக்கு உங்க தாள்ல நம்பர் இல்லை."

நடைமுறை நீதி வேறு, விளைவின் நீதி வேறு என்று
நாற்பது பக்கம் எழுதிவைத்திருக்கிறேன்.
பேனாவை மூடிவிட்டுத் தேநீரைக் குடித்தேன்.
ஆறியிருந்தது.

கடைசியில் வழக்கமான விளக்கம்:
உங்கள் பெயர் எங்கும் வராது,
வேறொரு பெயர் வைப்போம்,
விருப்பமிருந்தால் நீங்களே சொல்லலாம்.

யோசிக்கவே இல்லை.
"தில்லைநாதன்."

சொந்தக்காரரா?
"எங்க சூப்பர்வைசர்."

ரயில் ஒன்று மேம்பாலத்தில் போய் முடியும்வரை
இருவரும் பேசவில்லை.
கருவி ஓடிக்கொண்டிருந்தது.
எழுத்துப்படியில் அந்த இடத்துக்கு
'இடைவெளி, பதினொரு நொடி' என்று போட்டேன்.

பத்து வெள்ளி பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டதற்கு மட்டும்
உண்மைப் பெயரும் கையெழுத்தும் வேண்டும்.
நிதிப் பிரிவின் விதி.
போட்டுக்கொடுத்தார்.
அந்தத் தாள் பூட்டிய இழுப்பறையில் இருக்கிறது,
சாவி பேராசிரியரிடம்.

பெயரை மாற்றியிருக்க வேண்டும். தெரியும்.
அடுத்த நாள் மாற்றலாம் என்று
பல அடுத்த நாள்கள் போயின.

நேற்றிரவு ஆய்வேட்டில் தேடிப் பார்த்தேன்.
தில்லைநாதன் முப்பத்தோரு இடத்தில் வருகிறார்.
ஒன்றில் ஏஜெண்டுக்குக் கடன்பட்டிருக்கிறார்,
ஒன்றில் லாரியின் பின்புறம் நனைகிறார்,
மூன்றாம் அத்தியாயம் முழுக்க
எண் எழுதிய துண்டுச்சீட்டோடு
நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

இன்னும் கூப்பிடவில்லை.